லென்ஸ் உறுத்தினால் எங்கே பார்ப்பது: அறிகுறி வழியாகக் காரணத்தைப் பிடிக்கும் முறை

கான்டாக்ட் லென்ஸ் தொந்தரவு கொடுக்கிறது என்றால் முதலில் அதைக் கழற்றுங்கள். கழற்றிய கால் மணி நேரத்தில் கண் தெளிந்து உறுத்தல் அடங்கிவிட்டால், குறை லென்ஸிலோ, அதைக் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷனிலோ, அளவிலோ, வறட்சியிலோ இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யலாம். கழற்றிய பிறகும் வலி அப்படியே நின்றால், அல்லது கூடினால், குறை கருவிழிக்குள் போயிருக்கலாம். அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது நேரம். போட்ட நொடியே உறுத்துகிறதா, இரண்டு மணி நேரம் கழித்தா, மதியத்துக்கு மேலா, கழற்றிய பிறகா? இதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் காரணத்தில் பாதி கைக்கு வந்துவிடும். பார்வை சோதித்து லென்ஸ் தரும் ஆப்டாமெட்ரிஸ்ட் கேட்கப்போவதும் இதையேதான். கீழே உள்ளவை அந்த நேர வரிசையில் இருக்கின்றன. அவசரமானது மட்டும் முதலில்.

கழற்றியும் வலி போகவில்லை, வெளிச்சம் கூசுகிறது

ஒரு கண் மட்டும் சிவப்பு, நேரம் ஆக ஆக ஏறும் வலி, ஜன்னல் பக்கம் திரும்ப முடியாத கூச்சம், பீளை, மங்கல், கருவிழியில் கண்ணாடியில் பார்த்தாலே தெரியும் வெள்ளைப் புள்ளி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். விடியட்டும் என்று படுக்கக் கூடாது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கருவிழியில் புகுந்தால் ஓரிரு நாளிலேயே அதை அரித்துத் துளையிட்டுவிடக் கூடியது. லென்ஸ் அணிபவர்களுக்கு வரும் பாக்டீரியா புண்களில் அடிக்கடி அகப்படும் கிருமி அதுதான்.

போவதற்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். லென்ஸைக் கழற்றி அதை வைக்கும் டப்பாவான கேஸிலேயே போடுங்கள், தூக்கி எறியாதீர்கள். கேஸ், சொல்யூஷன் பாட்டில் இரண்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கண்ணிலிருந்து சுரண்டி எடுத்ததில் கிருமி வளராமல், கேஸிலிருந்து எடுத்ததில் வளர்ந்து நோயைக் காட்டிக்கொடுப்பது உண்டு. கண்ணைக் கட்டாதீர்கள். லென்ஸ் அணிபவரின் புண்ணை மூடி வைத்தால் உள்ளே சூடும் ஈரமும் கிருமிக்கு வசதியாகிவிடும்.

வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்துகளில் இரண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது, ஸ்டீராய்டு கலந்தது. சிவப்பு உடனே குறையும், கிருமி உள்ளே வளரும். இரண்டாவது, கிளினிக்கில் சிவந்த கண்ணுக்கு வழக்கமாகத் தரும் குளோராம்பெனிகால் களிம்பு. சாதாரணக் கண்வலிக்கு அது சரி. சூடோமோனாஸ் அதற்கு மசியாது. ஆகவே கிளினிக் வரிசையில் நின்றாலும் நர்ஸிடம் முதல் வார்த்தையாக "நான் லென்ஸ் போடுகிறவள்" என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் களிம்போடு வீட்டுக்கு அனுப்பிவிடும் வாய்ப்பு இருக்கிறது. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் மெக்கார்ட் மாகாணக் கண் மருத்துவமனை கண்ணுக்கென்றே இருக்கிறது. இரவானால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, பன்னீர், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். ஆயா சொன்னாலும் வேண்டாம்.

வலி பயங்கரம், பார்த்தால் கண்ணில் பெரிதாக ஒன்றும் இல்லை

இது தனி வகை. கண்ணில் தெரியும் சிவப்புக்கும் படும் வலிக்கும் பொருத்தமே இருக்காது. மருந்து விட்டும் இரண்டு வாரமாக ஆறாமல் இழுத்துக்கொண்டிருக்கும். இப்படி இருந்தால் அகாந்தமீபாவை நினைக்க வேண்டும். தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் ஒற்றைச் செல் உயிர் அது. குழாய், மழைநீர்த் தொட்டி, நீச்சல் குளம், கடல் என்று தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் இருக்கும். குளோரின் பட்டால் ஓடு கட்டிக்கொண்டு தூங்கிவிடும், சாகாது. லென்ஸில் ஒட்டி, கருவிழியில் நகக்கீறல் அளவு பிளவு கிடைத்தால் உள்ளே இறங்கும். சிகிச்சை மாதக்கணக்கில். தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, சொட்டு விட வேண்டியிருக்கும்.

நம் ஊரில் இது ஏட்டில் மட்டும் இருக்கும் பயம் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அங்கே மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. டேங்கர் லாரித் தண்ணீரும் வாளியில் பிடித்த மழைநீரும்தான். அதன் பிறகு பல வீடுகளில் கூரைக்குக் கீழே மழைநீர் பிடிக்கும் பச்சை ஜோஜோ டேங்க் வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் துணிக்கும் தோட்டத்துக்கும் நல்லது. கை கழுவலாம், சோப்பு போட்டு, பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டால். லென்ஸையும் கேஸையும் அது தொடக் கூடாது. குழாய்த் தண்ணீரும் தொடக் கூடாது. கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரும் கூடாது, பாட்டில் தண்ணீரும் கூடாது. குடிக்கத் தகுந்த தண்ணீர் என்றால் கிருமியே இல்லாத தண்ணீர் என்று பொருள் இல்லை.

கை கழுவ வழியில்லாத நாளில் லென்ஸே போடாமல் கண்ணாடி அணியுங்கள். லென்ஸ் போடுகிற யாரும் சரியான பவரில் ஒரு கண்ணாடி இல்லாமல் இருக்கக் கூடாது. கண்ணாடி இல்லாதவர்தான் சிவந்த கண்ணோடு லென்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

போட்ட நொடியே உறுத்துகிறது

ஒரு கண்ணில் மட்டும் என்றால் கழற்றி, ஆள்காட்டி விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். சரியாக இருந்தால் கிண்ணம்போல் விளிம்பு நேரே மேலே நிற்கும். உள்ளும் புறமும் மாறியிருந்தால் விளிம்பு மட்டும் தட்டுப்போல் வெளியே விரியும். சந்தேகம் தீரவில்லையா, இரு விரலுக்கிடையில் லேசாகக் கிள்ளுங்கள். சரியான பக்கம் ரோட்டி மடிப்பதுபோல் விளிம்புகள் உள்நோக்கிச் சேரும். மாறிய பக்கம் வெளியே மலர்ந்து விரலைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும். சில லென்ஸ்களில் 123 என்று மிகச் சிறிதாக அச்சிட்டிருக்கும், அது நேராகத் தெரிய வேண்டும். மாறிப் போட்ட லென்ஸால் கண்ணுக்குத் தீங்கில்லை. சொல்யூஷனில் கழுவித் திருப்பிப் போடலாம்.

லென்ஸ் சரியான பக்கம்தான், ஆனாலும் குத்துகிறது என்றால் விளிம்பை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். நகம் பட்ட சிறு கிழிசல் ஒவ்வொரு இமைப்பிலும் கீறிக்கொண்டிருக்கும். கிழிந்ததற்குப் பழுது பார்ப்பது கிடையாது, எறிய வேண்டியதுதான். கிழிசல் இல்லையென்றால் துண்டின் நூலோ, இமைமுடியோ, தூசியோ இருக்கும். உள்ளங்கையில் வைத்துச் சொல்யூஷன் விட்டுத் தேய்த்து அலசிப் போடுங்கள். மூன்று முறை அலசியும் அதே இடத்தில் குத்தினால் லென்ஸை விட்டுவிடுங்கள். கருவிழியில் கீறல் விழுந்திருக்கும், அன்று முழுவதும் கண்ணாடி.

இரண்டு கண்ணிலும் தீப்பற்றியதுபோல் எரிந்தால் கையை முகர்ந்து பாருங்கள். மிளகாய்! டர்பன் மசாலாவைக் கையால் அளைந்த அம்மாவுக்கு, இரண்டு முறை சோப்பு போட்ட பிறகும் விரலில் காரம் இருக்கும். காரத்தைத் தருவது கேப்சைசின், அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே முதலில் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, அதன் பின்தான் கண்ணில் கை வைத்து லென்ஸை எடுக்க வேண்டும். பதறி அப்படியே எடுக்கப் போனால் இன்னும் கொஞ்சம் காரம் ஏறும். எடுத்த பின் கண்ணைச் சேலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) விட்டு அலசுங்கள். லென்ஸ் அந்தக் காரத்தை ஊறவைத்துக்கொண்டிருக்கும், திரும்பப் போடாதீர்கள். மாத லென்ஸ் வீணாகிறதே என்று மனம் கேட்காதுதான். சமையலுக்கு முன்பே கழற்றிவிடுவது இதைவிட மலிவு.

எரிச்சலுக்கு இன்னொரு காரணம் பெராக்சைடு. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சொல்யூஷன் கிருமி நீக்கத்தில் கெட்டிக்காரன், பதப்படுத்தும் வேதிப்பொருள் மிச்சம் வைக்காது. ஆனால் அதனோடு வரும் நீண்ட கேஸில், அடியில் உள்ள பிளாட்டினம் வட்டோடு, குறைந்தது 6 மணி நேரம் கிடந்து தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்த பின்புதான் கண்ணுக்கு வரலாம். தவறு மூன்று விதத்தில் நடக்கும். சாதாரணத் தட்டைக் கேஸில் ஊற்றுவது: அதில் வட்டு இல்லை, காலையிலும் பெராக்சைடு பெராக்சைடாகவே இருக்கும். நள்ளிரவில் போட்டு ஐந்து மணிக்கு எடுப்பது. புதுப் பாட்டிலோடு வந்த புதுக் கேஸை அலமாரியில் வைத்துவிட்டுப் பழையதையே ஓட்டுவது: வட்டின் சக்தி நாளாக ஆகக் குறையும், அதனால்தான் ஒவ்வொரு பாட்டிலோடும் புதுசு தருகிறார்கள்.

லோட்ஷெட்டிங் என்ற மின்வெட்டு இருட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், சேலைன் என்று நினைத்துப் பெராக்சைடு பாட்டிலை எடுப்பவர்களும் உண்டு. பாட்டிலின் சிவப்பு மூக்கு இருட்டில் தெரியாது. அதன் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டை நாலு சுற்றாகச் சுற்றி வையுங்கள், கைக்குத் தெரியும். கண்ணில் பட்டுவிட்டால் லென்ஸை உடனே எடுத்து, சேலைனால் பத்து நிமிடமாவது விடாமல் அலசுங்கள். சேலைன் இல்லையென்றால் இந்த ஒரு சமயம் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை, லென்ஸ் வெளியே வந்த பிறகு. மறுநாளும் வலித்தால் காட்ட வேண்டும்.

போடும்போது சுகம், ஒன்றிரண்டு மணியில் எரிச்சல், பிறகு தானே குறைகிறது

இதைப் பலர் வறட்சி என்று நினைத்துச் சொட்டு வாங்கிக்கொண்டே இருப்பார்கள். லென்ஸும் சொல்யூஷனும் ஒத்துப்போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இரவில் சொல்யூஷனில் உள்ள கிருமிநாசினியை லென்ஸ் உறிஞ்சிக்கொண்டு, பகலில் கண்ணுக்குள் மெல்ல விடுகிறது. போட்ட 2 முதல் 4 மணி நேரத்துக்குள் கருவிழிமேல் சாயமிட்டுப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், மாலையில் பார்த்தால் மறைந்திருக்கும். ஆகவே அப்பாயின்ட்மென்ட்டைக் காலை நேரத்தில், லென்ஸ் போட்டு இரண்டு மணி ஆனதும் வரும்படி வாங்குங்கள். சாயங்காலம் போனால் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் கிடைக்கும்.

சொல்யூஷன் மாற்றியது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். சலுகை விலையில் கடையின் சொந்தப் பெயர் பாட்டில் வாங்கிய மாதமாக இருக்கும். முன்பிருந்ததற்குத் திரும்புங்கள், அல்லது பெராக்சைடுக்கு மாறுங்கள், அல்லது தினம் எறியும் லென்ஸுக்கு.

மதியத்துக்கு மேல் காய்ந்துபோகிறது

இங்கேதான் லென்ஸ் எதனால் ஆனது என்பது விஷயமாகிறது. மென்மையான லென்ஸின் கதை ஓட்டோ விக்டெர்லே என்ற செக் வேதியியலரிடம் தொடங்குகிறது. 1961-இல் தன் வீட்டில், பிள்ளைகளின் கட்டுமான விளையாட்டுச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் சேர்த்துச் செய்த சுழல் இயந்திரத்தில் அவர் முதல் நல்ல லென்ஸ்களை வார்த்தார். ஹெமா என்ற அந்தப் பிளாஸ்டிக்கில் 38 சதவீதம் தண்ணீர். கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது, வேண்டிய ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுக்கிறது. ஹெமா வகையில் ஆக்சிஜன் தண்ணீர் வழியாகத்தான் போக முடியும், எனவே அதிக ஆக்சிஜன் வேண்டுமென்றால் தண்ணீரைக் கூட்ட வேண்டியிருந்தது. 1990-களின் கடைசியில் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வந்ததும் அந்தக் கட்டு அறுந்தது: சிலிக்கோன் வழியாகவே ஆக்சிஜன் போகும், தண்ணீர் குறைந்தாலும் பாதகமில்லை.

தண்ணீர் அதிகமுள்ள லென்ஸ்தான் ஈரமாக இருக்கும் என்று கடையில் சொன்னால் முழுக்க நம்பாதீர்கள். 55, 58 சதவீதத் தண்ணீர் உள்ள சாதாரண ஹைட்ரோஜெல் (சிலிக்கோன் கலக்காத ஹெமா போன்ற வகை), காய்ந்த காற்றில் தன் தண்ணீரை இழந்து, அதை ஈடுகட்டக் கண்ணீரை இழுக்கும். டர்பனின் புழுக்கத்தில் இது தெரியாது. அதே லென்ஸோடு ஜூலை மாதம் ஜோகன்னஸ்பர்க் போய்ப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு 1,750 மீட்டர் மேலே, மழையில்லாத குளிர்காலம், அறையில் ஹீட்டர். இரண்டாம் நாளே கண்ணில் அப்பளம் ஒட்டியதுபோல் இருக்கும். மலைப்பக்கமிருந்து காய்ந்த பெர்க் காற்று வீசும் நாளில் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இதேதான்.

சரிசெய்யும் வரிசை: முதலில் காற்று, பிறகு இமைப்பு, பிறகு சொட்டு, கடைசியில்தான் லென்ஸ் மாற்றம். ஏசி, கார் வென்ட், ஹீட்டர் முகத்துக்கு நேரே வராமல் திருப்புங்கள். திரை பார்க்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கும் கண் ஐந்தாறு முறைதான் இமைக்கிறது, அதுவும் பாதி மூடி. திரையைக் கண்மட்டத்துக்குக் கீழே இறக்கினால் விழி திறப்பு சிறுக்கும், காய்வது குறையும். சொட்டு வாங்கும்போது லென்ஸோடு பயன்படுத்தலாம் என்று பாட்டிலில் எழுதியிருக்க வேண்டும், பதப்படுத்தும் வேதிப்பொருள் சேர்க்காததாக இருந்தால் நல்லது. சிவப்பைப் போக்கும் சொட்டு வேண்டாம். அது ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, மருந்து இறங்கியதும் முன்பைவிடச் சிவக்கும். இவ்வளவுக்கும் கேட்காவிட்டால் தண்ணீர் குறைந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல் அல்லது தினம் எறியும் வகை பற்றிக் கேளுங்கள்.

ஒரு சந்தேகம்: மாதத்தின் முதல் வாரம் சுகம், கடைசி வாரம் காய்ந்துபோகிறது என்றால் வறட்சிக்கு வேறு காரணம். லென்ஸில் படிவு ஏறியிருக்கிறது. தண்ணீர் அதிகமுள்ள அயனி (மின்னூட்டம் கொண்ட) வகை ஹைட்ரோஜெல் கண்ணீரின் புரதத்தை இழுக்கும், சிலிக்கோன் எண்ணெய்ப் பசையை இழுக்கும். பல்பு வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் படலம் வானவில்லாகத் தெரியும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு லென்ஸ் போடுவதும் அதே வேலையைச் செய்யும். முதலில் லென்ஸ், பிறகு எண்ணெய், பிறகு மை. கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகு முகம் கழுவல்.

சாயங்காலம் இறுக்கம், விளக்கைச் சுற்றி வளையம்

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். காலையில் மிக மிகச் சுகமாக இருந்து, மாலையில் இறுகி, கழற்றும்போது பிடிவாதம் பிடித்து, கழற்றிய பின் வெள்ளைவிழியில் வட்டமாகத் தடம் தெரிந்தால் லென்ஸின் வளைவு உங்கள் கண்ணுக்கு இறுக்கமானது. பெட்டியில் 8.4, 8.6, 8.8 என்று மி.மீ.யில் இருப்பது அந்த வளைவு. எண் சிறிதானால் வளைவு கூடுதல். ஆனால் எண்ணை நீங்களே மாற்றி ஆன்லைனில் வாங்கிவிடாதீர்கள், ஒரு கம்பெனியின் 8.6 இன்னொன்றின் 8.6 மாதிரி கண்ணில் உட்காராது.

விளக்கைச் சுற்றி வளையம், புகை மூட்டம்போல் மங்கல், கருவிழி ஓரம் சுற்றிச் சிவப்பு என்றால் ஆக்சிஜன் போதவில்லை, கருவிழி வீங்குகிறது. பகல் அணிவதற்கு லென்ஸின் ஆக்சிஜன் கடத்தும் அளவு (Dk/t என்ற எண்) 24-க்குக் குறையக் கூடாது, தூங்குவதற்கு 87 வேண்டும் என்று 1984-இல் ஹோல்டன், மெர்ட்ஸ் இருவரும் கணக்குச் சொன்னார்கள். தயாரிப்பாளர் சொல்லும் எண் பெரும்பாலும் -3.00 பவர் லென்ஸின் நடுவில் அளந்தது. உங்கள் பவர் -8.00 என்றால் ஓரம் தடித்திருக்கும், ஓரத்தில் ஆக்சிஜன் அந்த எண்ணைவிடக் குறைவுதான். பவர் அதிகமுள்ளவர்கள் பழைய ஹெமா லென்ஸிலேயே காலம் தள்ளினால் கருவிழி ஓரத்திலிருந்து சிறு ரத்தக் குழாய்கள் உள்ளே வளரத் தொடங்கும். வலிக்காது, பரிசோதனையில்தான் தெரியும்.

லென்ஸோடு தூங்கி எழுந்ததும் சிவந்த கண்

ஜோகன்னஸ்பர்க் இரவு பஸ், கல்யாண வீட்டு இரவு, நைட் ஷிப்ட் முடிந்து சோபாவில் சாய்ந்த அரை மணி. எழுந்ததும் லென்ஸைப் பிடுங்காதீர்கள், அது கருவிழியின் மேல்தோலோடு வரும். சேலைன் அல்லது லென்ஸ் சொட்டு இரண்டு மூன்று துளி விட்டு, ஐந்து நிமிடம் மெல்ல இமைத்து, லென்ஸ் நகர்கிறது என்று கண்ணாடியில் பார்த்த பிறகு எடுங்கள். மறுநாள் வரை லென்ஸ் வேண்டாம். சிவப்பு சில மணியில் போகாவிட்டால் முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

"என்னுடையது சிலிக்கோன், தூங்கலாம்" என்ற பேச்சை நிறையக் கேட்கலாம். 2008-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், மென்மையான லென்ஸைப் பகலில் மட்டும் அணிந்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் 1.9 பேருக்குக் கருவிழித் தொற்று வந்தது. தூக்கத்திலும் அணிந்தவர்களில் சாதாரண ஹைட்ரோஜெல்லில் 19.5, சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லில் 25.4. ஆக்சிஜன் கூடியதால் கிருமி குறையவில்லை. மூடிய இமைக்கடியில் கண்ணீர் ஓடாமல் தேங்குவதற்கு எந்தப் பிளாஸ்டிக்கும் மருந்தில்லை.

கழற்றிய பிறகு அரிப்பு, நூல் நூலாகப் பீளை

லென்ஸ் இருக்கும்போது பொறுத்துக்கொள்ளலாம், எடுத்ததும் கசக்கத் தோன்றும். லென்ஸ் மேலே மேலே ஏறும். மேல் இமையைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் ஜவ்வரிசி பரப்பியதுபோல் மேடுகள். படிவு ஏறிய லென்ஸோடு இமை உரசி உரசி வந்த ஒவ்வாமை இது. மாதம் தாண்டியும் அதே லென்ஸை இழுப்பவர்களுக்கும், தேய்க்காமல் ஊறவைப்பதோடு நிறுத்துபவர்களுக்கும் அதிகம். இரண்டிலிருந்து நான்கு வாரம் லென்ஸை நிறுத்த வேண்டும், மருத்துவர் சொல்லும் ஒவ்வாமைச் சொட்டோடு. திரும்பும்போது தினம் எறியும் லென்ஸோடு திரும்புங்கள். பழைய லென்ஸுக்கே திரும்பினால் மேடுகளும் திரும்பும்.

மங்கலாகத் தெரிகிறது

இரண்டு கண்ணிலும் ஒன்றாக மங்கினால் இடது வலது மாறிவிட்டதா என்று பாருங்கள். எப்போதும் வலதிலிருந்து தொடங்கும் பழக்கம் இதைத் தடுக்கும். இமைத்ததும் ஒரு கணம் தெளிந்து மறுபடி மங்கினால் வறட்சி, படிவு, அல்லது இறுக்கமான லென்ஸ். இமைத்ததும் மங்கிப் பிறகு தெளிந்தால் லென்ஸ் தளர்ந்து ஓடுகிறது. சாய்ந்து படுத்து டிவி பார்க்கும்போது மட்டும் கோணலாகத் தெரிந்தால் சிதறல் பார்வைக்கான உருளைப் பவர் கொண்ட டோரிக் லென்ஸ் சுழல்கிறது. பலவற்றில் அடியில் சிறு கோடு இருக்கும், அது கடிகாரத்தின் ஆறு மணி இடத்தில் நிற்க வேண்டும்.

கண்ணாடிப் பவரும் லென்ஸ் பவரும் ஏன் வேறு என்று கேட்பவர்களுக்கு: கண்ணாடி விழியிலிருந்து 12 மி.மீ. தள்ளி நிற்கிறது. கண்ணாடியில் -6.00 என்றால் கருவிழிமேல் -5.60 போதும், -5.50 தருவார்கள். 4.00-க்குக் குறைந்த பவரில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கிட்டப்பார்வைக்காரர் நாற்பதைத் தாண்டியதும், கண்ணாடியில் படிக்க முடிகிற எழுத்து லென்ஸில் முடியாமல் போகும். லென்ஸ் கெட்டுவிடவில்லை. மைனஸ் கண்ணாடி கிட்டத்தில் பார்க்கக் கண்ணுக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்துக்கொண்டிருந்தது, லென்ஸ் அதைக் கொடுக்காது.

லென்ஸைக் காணோம்

கண்ணுக்குப் பின்னால் போகாது. இமையின் உள்தோல் மடிந்து வெள்ளைவிழியோடு சேர்ந்துவிடுவதால் அங்கே வழியே கிடையாது. மேல் இமைக்கடியில் மடிந்து கிடக்கும். சேலைன் விட்டு, கீழே பார்த்தபடி, மூடிய மேல் இமையை மூக்குப் பக்கம் நோக்கி மெல்ல வருடுங்கள். பாதி கிடைத்துப் பாதி கிடைக்காவிட்டால் தோண்டாமல் ஆப்டாமெட்ரிஸ்டிடம் போங்கள்.

காவடி நாள், கரும்புச் சாம்பல், கடல்

தைப்பூசமோ சித்திரைக் காவடியோ, கற்பூரப் புகையும் திருநீறும் மஞ்சள் தண்ணீரும் கண்ணைச் சுற்றியே இருக்கும். ஆடும்போது கண்ணாடி நிற்காது என்பதும் உண்மை. அன்றைக்கு மட்டும் தினம் எறியும் லென்ஸ் போடுங்கள். இன்னொரு ஜோடியையும் சேலைன் குப்பிகளையும் கண்ணாடியையும் கூட வரும் அக்காவின் பையில் வையுங்கள். தலையில் மஞ்சள் நீர் ஊற்றிக் கண்ணில் வழிந்ததும், சடங்கு முடிந்த கையோடு அந்த ஜோடியை எறிந்துவிட வேண்டும். மஞ்சள் ஏறிய லென்ஸ் வெளுக்காது, தண்ணீர் புகுந்த லென்ஸ் சுத்தமாகாது.

வெருலம், டோங்காட் பக்கம் அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைக்கும் மாதங்களில் கருஞ்சாம்பல் காற்றில் மிதந்து வரும். லென்ஸுக்கடியில் ஒரு துகள் போனால் திடீரென்று ஒரு கண்ணில் ஊசி குத்தும். கசக்கினால் கருவிழியைக் கீறும். லென்ஸை எடுத்து, கண்ணைச் சேலைனால் அலசி, லென்ஸைத் தேய்த்துக் கழுவிய பிறகே போடுங்கள்.

கடலிலோ குளத்திலோ லென்ஸோடு இறங்காமல் இருப்பதே சரி. இறங்கியே ஆக வேண்டுமென்றால் தினம் எறியும் லென்ஸ், மேலே இறுக்கமான கண்காப்பு, கரையேறியதும் குப்பைக்கு.

கண்ணில் குறையில்லை, ஆனால் கேஸில் வழுவழுப்பு

விரலால் கேஸின் உள்சுவரைத் தடவிப் பாருங்கள். கொழகொழவென்றிருந்தால் கிருமிகள் ஒட்டிக் கூடு கட்டிவிட்டன, சொல்யூஷன் அந்தக் கூட்டுக்குள் இறங்காது. அந்தக் கேஸையும் அதில் கிடந்த லென்ஸையும் எறியுங்கள். புதுக் கேஸில் தினமும் காலையில் பழைய சொல்யூஷனை முழுக்கக் கொட்டி, புதுச் சொல்யூஷன் விட்டுச் சுத்தமான விரலால் உள்ளே தேய்த்து, கொட்டி, புது டிஷ்யூவால் துடைத்து, மூடி தனியாகக் கேஸ் தனியாகக் கவிழ்த்து உலர விடுங்கள். குளியலறையில் வேண்டாம், அங்கே ஈரமும் கழிவறைத் தெறிப்பும். இரவில் லென்ஸின் ஒவ்வொரு பக்கமும் சில துளி விட்டு 20 விநாடி தேய்த்து, அலசி, புதுச் சொல்யூஷனில் மூழ்க வையுங்கள். நேற்றைய மிச்சத்தின் மேல் கொஞ்சம் ஊற்றி நிரப்புவதுதான் மிகப் பரவலான தவறு: வீரியம் இழந்த சொல்யூஷன் புதியதையும் நீர்க்கச் செய்துவிடும். சேலைன் அலசத்தான், கிருமியைக் கொல்லாது. திறந்த பாட்டில்மேல் தேதி எழுதி, லேபிளில் சொன்ன நாளோடு, பெரும்பாலும் மூன்று மாதம், நிறுத்துங்கள். கேஸும் அதே மூன்று மாதத்துக்குள் மாற வேண்டும்.